போக்குக் காட்டுதல்: ஓர் ஓட்ட விளையாட்டும் ஒரு சொல்லும்

நீண்ட பதிவு. பொறுமையுள்ளவர்கள் வாசிக்கலாம்.

கடந்த ஆண்டு மழைக்காலத்தில் என் தம்பி மூன்று வாரங்கள் ஐதராபாத்தில், என் வாடகை அறையில் தங்கியிருந்தான். அவன் கபடி ஆடுபவன்; தன் அணியின் முதன்மை ரைடர். கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இளங்கலை பயில்கிறான். எதிரணியின் பக்கத்தில், எவர் கையும் தன்மேல் படாத ஒரு கணத்தில், இடப்புறம் சாய்வதாகக் காட்டி வலப்புறம் திரும்பியபோது அவன் முழங்காலில் ஏ.சி.எல். எனப்படும் தசைநார் அறுந்தது. இத்தகைய காயங்களில் பெரும்பகுதி இப்படித்தான் நேர்கின்றன என்று மருத்துவர் சொன்னார்: மோதலில் அல்ல, திரும்பலில். அறுவைச் சிகிச்சை இங்கே நடந்தது. காலை நீட்டிக் கட்டிலில் கிடந்தவன் பொழுது போகாமல் கைபேசியில் ஒரு விளையாட்டை இறக்கிக்கொண்டான். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை ஏந்தி ஓடுபவனை மட்டும் நம் வசம் ஒப்படைக்கும் சிறிய விளையாட்டு அது. எதிரே ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள்; விலகியும் சுழன்றும் தாண்டியும் முன்னேற வேண்டும்; பிடிபட்டால் ஆட்டம் முடிந்தது; உடனே மறுபடி தொடங்கலாம். முழங்காலை அறுத்த அதே அசைவை அவன் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை கட்டைவிரலால் செய்துகொண்டிருந்தான்.

நானும் ஆடினேன். ஆய்வேட்டின் நான்காம் இயலை எழுதியிருக்க வேண்டிய இரவுகள் அவை. துறை நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "இதெல்லாம் தப்பித்தல் மனநிலை" என்று ஒரே தொடரில் தீர்ப்பளித்துவிட்டார். அத்தீர்ப்பை நான் முழுதாக மறுக்கவில்லை. ஆனால், தப்பித்தல் என்றால் என்ன, யார் எதிலிருந்து தப்பிக்கிறார்கள், அதற்கான விலையை யார் கட்டுகிறார்கள் ஆகிய வினாக்களை அந்தச் சின்னஞ்சிறு விளையாட்டுதான் என்முன் வைத்தது. அவற்றுக்கு நான் கண்ட விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். களத்தில் ஓடுபவன் செய்யும் ஏமாற்று நேர்மையானது. அதன் விலையை அவனே தன் உடலால் கட்டுகிறான். அவனை ஓடவிட்டுப் பயன்பெறும் நிறுவனங்கள் சொற்களால் செய்யும் ஏமாற்று நேர்மையற்றது. அதன் விலையை வேறொருவர் கட்டுகிறார்.

ஆட்டம் அறியாதவர்களுக்குச் சுருக்கமாக ஒரு விளக்கம். களத்தின் நீளம் 100 கஜம்; இரு முனைகளிலும் 10 கஜ இறுதிப் பகுதிகள் உண்டு. அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி 4 முயற்சிகளுக்குள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் 4 முயற்சிகள் கிடைக்கும். பந்தை முன்னே வீசலாம், அல்லது ஒருவன் கையில் கொடுத்து ஓடவிடலாம். அப்படி ஓடுவதையே தொழிலாகக் கொண்டவன் ரன்னிங் பேக். அவனிடம் சில அடிப்படை அசைவுகள் உண்டு. ஒருபுறம் செல்வதாகக் காட்டி மறுபுறம் விலகுவது ஜூக். மோதல் நேரவிருக்கும் கணத்தில் முதுகைக் கொடுத்துச் சுழன்று வெளியேறுவது ஸ்பின். விறைத்து நீட்டிய கையால் பிடிக்க வருபவனைத் தள்ளி நிறுத்துவது ஸ்டிஃப் ஆர்ம். காலைப் பிடிக்கத் தாழ்ந்து வருபவனுக்கு மேலாகத் தாவுவது ஹர்டில். வேறு வழியில்லாதபோது தோளைத் தாழ்த்தி நேரே இடிப்பது ட்ரக். எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் மேடன் விளையாட்டுத் தொடர் இவ்வசைவுகளை ஒவ்வொன்றாகப் பொத்தான்களுக்கு மாற்றியது. 2005இல் வெளிவந்த மேடன் என்.எஃப்.எல். 06இல் இடிப்பதற்கென்றே 'ட்ரக் ஸ்டிக்' என்ற ஏற்பாடு வந்தது. கைபேசியில் கிடைக்கும் சிறு ஓட்ட விளையாட்டுகள் இந்தப் பரம்பரையின் கடைக்குட்டிகள்.

இவற்றுள் என்னை நிறுத்திவைத்தது ஜூக். ஆங்கில அகராதிகள் இச்சொல்லை, ஒதுங்குதல், குனிந்து தப்புதல் என்னும் பொருளில் ஸ்காட்லாந்து வட்டாரத்தில் வழங்கிய பழைய சொல்லோடு தொடர்புபடுத்துகின்றன. நாணயம் போட்டால் பாடும் ஜூக்பாக்ஸில் உள்ள ஜூக் வேறு வேரிலிருந்து வந்தது. இதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோது, 'விலகல்', 'நழுவல்', 'ஏய்ப்பு' எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. பிறகு ஒருநாள் செய்தித்தாளில் ஒரு தலைப்பு கண்ணில் பட்டது. வனத்துறைக்குப் போக்குக் காட்டும் சிறுத்தை! தேடிய தொடர் அதுதான். போக்கைக் காட்டுதல்: போகும் வழி இதுவென்று ஒன்றைக் காட்டுவது, பிறகு வேறு வழியில் போய்விடுவது. ஜூக் என்னும் அசைவின் முழு இயக்கமும் இந்த இரண்டு சொற்களில் இருக்கிறது. நகர்தல் மட்டும் போதாது, காட்டுதல் வேண்டும். காட்டுதல் என்றாலே காண்பவர் ஒருவர் வேண்டும்.

இந்தக் கடைசிக் கூற்றை நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. தம்பியின் தோல்வியிலிருந்து கற்றேன். முதல் இரண்டு நாள்கள் அவன் என்னைவிடக் குறைவான தூரமே ஓடினான். ஏழாண்டுகளாக ஆட்களை ஏமாற்றியே புள்ளி எடுத்தவன், வாழ்நாளில் களம் காணாத என்னிடம் தோற்றான். எரிச்சலோடு கைபேசியை மெத்தைமேல் போட்டுவிட்டு அவன் சொன்னது இது:

"இவன் என்னப் பாக்கவே மாட்டேங்கறான்க்கா. நான் எந்தப் பக்கம் சாஞ்சாலும் அவன் பாட்டுக்கு வர்றான். பாக்காதவன எப்படி ஏமாத்தறது?"

அமெரிக்கக் கால்பந்தில் தடுப்பாட்டக்காரனுக்கு முதலில் சொல்லித்தரும் பாடங்களுள் ஒன்று: ஓடி வருபவனின் கண்ணையோ தலையையோ தோளையோ பார்க்காதே, இடுப்பைப் பார். தலையும் தோளும் பொய் சொல்லும். இடுப்பு எங்கே போகிறதோ அங்கேதான் உடல் போக முடியும். ஆகவே நல்ல ஓட்டக்காரன் இடுப்பையும் பொய் சொல்லப் பழக்குகிறான். வெளிக்காலை அழுத்தி ஊன்றி, இடுப்பை ஒருபுறம் இறக்கி, எதிராளியின் எடை தவறான காலுக்கு மாறும்வரை காத்திருந்து, மாறிய நொடியில் எதிர்ப்புறம் செல்கிறான். இருவருக்கும் பொதுவான ஒரு குறியமைப்பு இல்லாமல் இது நடக்காது. சாய்ந்த தோளுக்கு 'நான் இப்பக்கம் வருகிறேன்' என்பது பொருள் என்று இருவரும் அறிந்திருக்க வேண்டும். பொய் சொல்வதற்குக்கூட ஒரு மொழி பகிரப்பட்டிருக்க வேண்டும் என்பது எம் துறையின் தொடக்கப் பாடம். அதைக் களத்தில் உடல்களும் பின்பற்றுகின்றன.

இக்கலையின் உச்சம் என்று பலரும் சுட்டுபவர் பேரி சான்டர்ஸ். உயரம் 5 அடி 8 அங்குலம். டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காக 1989 முதல் 1998 வரை பத்துப் பருவங்களில் 15,269 கஜம் ஓடினார். 1997 பருவத்தில் மட்டும் 2,053 கஜம். அதே மனிதர், 1994 டிசம்பர் 31 அன்று கிரீன் பே அணிக்கு எதிரான வெளியேற்றுச் சுற்று ஆட்டத்தில் 13 முறை பந்தை ஏந்தி ஓடியும் மொத்தக் கணக்கில் ஒரு கஜம் பின்னே இருந்தார். காட்டிய போக்கை எதிராளி நம்பவில்லையென்றால் நேரும் கதி இது. நேரே இடித்து மூன்று கஜம் பெறக்கூடிய இடத்தில், விலகப் பார்த்து நான்கு கஜம் இழக்கலாம். போக்குக் காட்டுதல் என்பது ஒவ்வொரு முறையும் பணயம் வைத்து ஆடும் ஆட்டம். பணயம் வைப்பவனுடைய உடைமையே பணயம்.

கைபேசி விளையாட்டில் இதெல்லாம் இல்லை. அங்கே எதிராளி பார்ப்பதில்லை, தூரம்தான் கணக்கு. குறித்த இடைவெளியில் பொத்தானை அழுத்தினால் விலகல் வெற்றி, சற்று முந்தினாலோ பிந்தினாலோ பிடி. தம்பி மூன்றாம் நாள் இதைக் கண்டுபிடித்தான். ஏழாண்டுப் பழக்கத்தை மறந்துவிட்டு ஆடினான். அதன்பின் அவனை நான் வென்றதேயில்லை. மனிதர் இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடும் மேடன் போன்ற விளையாட்டுகளில் இந்தப் பார்வை ஓரளவு திரும்பி வருகிறது. அங்கே மறுமுனையில் நம்பி ஏமாற ஒரு மனம் இருக்கிறது. சிறு விளையாட்டில் எஞ்சுவது காலக்கணக்கு மட்டுமே.

அது விட்டுவிட்ட இன்னொன்றும் உண்டு. 1988இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்த முதல் மேடன் விளையாட்டை உருவாக்கும்போது, அக்காலக் கணினியால் 22 பேரைக் களத்தில் இயக்க இயலாது, அணிக்கு ஆறு ஏழு பேரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நிறுவனத்தார் கருதினர். பயிற்சியாளராக இருந்து வர்ணனையாளரான ஜான் மேடன் அதற்கு உடன்படவில்லை. அணிக்கு 11 பேர் இல்லையென்றால் அது கால்பந்தே அல்ல, என் பெயரும் அதில் வேண்டாம் என்ற நிலையில் அவர் உறுதியாக நின்றதால், விளையாட்டு வெளிவர ஆண்டுகள் பல தாமதமாயின. அவர் பிடிவாதத்தில் ஓர் உண்மை இருந்தது. ஓடுபவன் கடக்கும் இடைவெளியை அவன் உண்டாக்குவதில்லை. முன்வரிசையில் நின்று இடி வாங்கும் ஐந்து பேர் உண்டாக்குகிறார்கள். அவர்கள் பெயரில் கஜக் கணக்கு எழுதப்படுவதில்லை. அந்த வரிசையை நீக்கிவிட்டுத் தனியொருவன் ஓட்டமாக மாற்றிய விளையாட்டு, வெற்றியும் தோல்வியும் ஒருவனுக்கே உரியவை என்று நம்மைப் பழக்குகிறது. தோல்வி அவனுக்கே உரியது என்றாகிவிட்டால் காயமும் அவனுக்கே உரியதாகிவிடும். என் கவலை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

விளையாட்டு உலகில் இன்றும் பேசப்படும் ஓர் உடல் இருக்கிறது: 1991இல் நின்டென்டோ கருவிக்கு வந்த டெக்மோ சூப்பர் பௌல் விளையாட்டின் போ ஜாக்சன். அவரைத் தேர்ந்தெடுத்தவரை எவராலும் பிடிக்க முடியாது. களத்தின் முழு நீளத்தையும் வளைந்து வளைந்து ஓடி, நேரத்தையும் வீணடித்து, பிறகு கோடு கடக்கலாம். முப்பதாண்டுகள் கடந்தும் அந்த ஓட்டங்களை மக்கள் பதிவேற்றிப் பார்த்து மகிழ்கிறார்கள். ஆனால் உடலாக வாழ்ந்த போ ஜாக்சனுக்கு 1991 ஜனவரி 13 அன்று, சின்சினாட்டி அணிக்கு எதிரான ஆட்டத்தில், 34 கஜ ஓட்டமொன்றின் முடிவில் பின்னாலிருந்து பிடிக்கப்பட்டபோது இடுப்பு மூட்டு விலகியது. மூட்டு எலும்புக்கு இரத்த ஓட்டம் நின்றது. பின்னர் செயற்கை மூட்டு பொருத்தப்பட்டது. பேஸ்பாலுக்கு அவர் திரும்பினார், கால்பந்துக்குத் திரும்பவில்லை. அதாவது, பிடிக்க முடியாத அந்தத் திரை உருவம் கடைக்கு வந்தபோது, அதன் மூலவடிவமான மனிதர் கடைசியாகப் பிடிக்கப்பட்டு மாதங்கள் பல ஆகியிருந்தன. இதைத் தம்பியிடம் சொன்னேன். "இடுப்பா?" என்று மட்டும் கேட்டான். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

ஜாக்சன் தொழில்முறை ஆட்டக்காரர், சம்பளம் பெற்றவர். சம்பளம் பெறாதவன் உடல் உடைந்தால் என்ன நடக்கும்? இங்கேதான் ஒரு சொல் களத்துக்குள் இறங்குகிறது. அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து நெடுங்காலமாகவே பெரும் பணம் புரளும் தொழில். ஆடியவர்களோ 2025 வரை கல்லூரியிடமிருந்து நேரடி ஊதியம் பெறாத மாணவர்கள். 1955இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரி அணிக்கு ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் இழப்பீடு கோரினார். கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, ஆகவே அவர் தொழிலாளர் அல்லர் என்ற வாதத்தை 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் ஏற்றது. இத்தகைய வழக்குகளின் அச்சத்தில்தான் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு 'ஸ்டூடன்ட்-அத்லெட்' என்னும் தொடரை உருவாக்கியது. இது எதிர்ப்பாளர்களின் ஊகம் அல்ல. அவ்வமைப்பின் முதல் நிர்வாக இயக்குநராக நெடுங்காலம் இருந்த வால்டர் பையர்ஸ், 1995இல் வெளியிட்ட தம் நூலில் இதைத் தாமே எழுதியிருக்கிறார். ஆட்டக்காரர், விளையாட்டு வீரர் போன்ற சொற்கள் புழங்கிய இடங்களிலெல்லாம் இந்தத் தொடரே புழங்கவேண்டும் என்று விதிகளில் அது புகுத்தப்பட்டது.

மொழியியல் மாணவியாக இத்தொடரை நான் வியந்து பார்க்கிறேன். நம் இலக்கணப்படி இது இருபெயரொட்டுப் பண்புத்தொகை: மாணவராகிய ஆட்டக்காரர். ஆங்கிலத்திலும் தமிழிலும் இத்தகைய தொகையில் பின்னிற்கும் பெயரே தலைமை; முன்னிற்பது அதற்கு அடை. ஆக, தொடரின் தோற்றத்தில் அவர் முதன்மையாக ஆட்டக்காரர். அதிகாலைப் பயிற்சியிலும் தொலைக்காட்சி ஒளிபரப்பிலும் நுழைவுச்சீட்டு விற்பனையிலும் அந்தத் தலைமை செல்லுபடியாகிறது. காயம் பட்டு இழப்பீடு கேட்கும் நாளில் மட்டும் அடையாக நின்ற 'மாணவர்' தலைமையாகிவிடுகிறார். தோள் ஒருபுறம் சாய்ந்து காட்டுகிறது. இடுப்பு மறுபுறம் போய்விடுகிறது. நடுவில் இட்ட சிறு கோடு, ஊன்றிய வெளிக்கால். இதைவிடத் தேர்ந்த ஜூக்கை எந்த ஓட்டக்காரனும் செய்ததில்லை.

அது வெறும் சொல்தானே என்று கடந்துபோக வேண்டாம். 1974 அக்டோபரில், டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக் கென்ட் வால்ட்ரெப், அலபாமா அணிக்கு எதிராகப் பந்தோடு ஓடுகையில் பிடிக்கப்பட்டு விழுந்தார். கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தாம் பல்கலைக்கழகத்தின் ஊழியர் என்று உரிமை கோரி 1990களில் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையத்தில் வென்றார். காப்பீட்டு நிறுவனம் வழக்காடியது. 2000இல் டெக்சஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் ஊழியர் அல்லர் என்று முடித்தது. விழுந்த நாளிலிருந்து எண்ணினால் இருபத்தாறு ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் ஒரு சொல் அவரிடம் பிடிபடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

இந்தக் கதை திரை விளையாட்டுக்குள்ளும் நுழைந்தது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் கல்லூரிக் கால்பந்து விளையாட்டுகளில் ஆட்டக்காரர்களுக்குப் பெயர் இருக்காது. ஆட்ட இடமும் சட்டை எண்ணும் மட்டும் இருக்கும். ஆனால் உயரம், எடை, தோற்றம், ஓட்ட வேகம் எல்லாம் உண்மையான மாணவருடையவை. மாணவர்க்கு ஊதியம் கிடையாது என்ற விதி இருந்ததால், பெயரை எடுத்துவிட்டு உடலை மட்டும் விற்றார்கள். 2009இல் முன்னாள் கூடைப்பந்து ஆட்டக்காரர் எட் ஓ'பேனன், ஒரு விளையாட்டில் தம் உருவத்தைத் தாமே கண்டு வழக்குத் தொடுத்தார். கால்பந்துக்காரர் சாம் கெல்லரும் தொடுத்தார். 2013க்குப் பின் கல்லூரிக் கால்பந்து விளையாட்டுத் தொடர் நின்றுபோனது. 2021இல் மாணவர்கள் தம் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் பெறலாம் என்று விதி மாறிய பிறகு, 2024 ஜூலையில் அது திரும்பி வந்தது. இம்முறை இடம்பெற ஒப்புக்கொண்ட ஒவ்வொருவருக்கும் 600 டாலரும் விளையாட்டின் ஒரு படியும் தரப்பட்டன. அத்தொகை போதுமா என்பது வேறு விவாதம். பெயர் திரும்பியது என்பதை நான் பெரிதாகவே கருதுகிறேன். பெயரில்லாத உடலுக்கு யாரும் கடன்பட்டிருப்பதில்லை.

இப்போது தம்பியிடம் திரும்புகிறேன். அவன் காயம்பட்டதும் அப்பா கல்லூரிக்குப் போனார். அக்கல்லூரியின் வரவேற்பறையில் தம்பியின் அணி வென்ற கோப்பை கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. சேர்க்கை விளம்பரத்தில் அவன் பாய்ந்து கோட்டைத் தொடும் படம் இருக்கிறது. அப்பாவுக்கு அங்கே கிடைத்த விடை: "இது தேர்வுப் போட்டிங்க, அதிகாரபூர்வ ஆட்டத்துல சேராது. மாணவர் காப்பீட்டுல விளையாட்டுக் காயம் வராதுங்களே." பேசியவர் கனிவாகவே பேசினார் என்று அப்பா சொன்னார். அம்மாவின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. விளம்பரப் பதாகையில் அவன் ஆட்டக்காரன். காப்பீட்டுப் படிவத்தில் மாணவன். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், வேறொரு மொழியில், வேறொரு ஆட்டத்துக்காக உருவான அந்தச் சிறு கோடு எங்கள் வீட்டு வாசலிலும் இடப்பட்டிருந்தது.

இதை வாசிக்கும் ஆய்வாளர்களுக்கு இக்கோடு புதிதாக இருக்காது. 'ஆய்வு மாணவர்' என்னும் நம் பெயரைப் பாருங்கள். விடைத்தாள் திருத்தவும், வகுப்பெடுக்கவும், கருத்தரங்குக்கு நாற்காலி போடவும், பேராசிரியரின் கட்டுரைக்குத் தரவு சேர்க்கவும் நாம் ஆய்வாளர்கள். உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் கேள்வி கேட்கும் நாளில் நாம் மாணவர்கள். மாணவர்க்கு ஏது சம்பளப் பாக்கி? இதனால் நம் நிலையும் வால்ட்ரெப்பின் நிலையும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. நம் கழுத்து முறிவதில்லை. அசைவு ஒன்றே என்றுதான் சொல்கிறேன்.

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். விளையாட்டு எல்லாவற்றையும் காட்ட வேண்டுமா? சதுரங்கத்தில் வெட்டுண்ட காலாளுக்காக யார் அழுகிறார்கள்? நியாயமான கேள்வி. சதுரங்கக் காலாளுக்கு உயரமும் எடையும் பிறந்த ஊரும் கிடையாது. அது யாருடைய உடலையும் விற்கவில்லை. உண்மையான மனிதர்களின் உருவத்தில் வாழும் விளையாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது என்பது என் நிலைப்பாடு. இதை விளையாட்டு உருவாக்குநர்களே ஓரளவு ஏற்றிருக்கிறார்கள். 2011இல் வந்த மேடன் என்.எஃப்.எல். 12இல், மூளையதிர்ச்சி அடைந்த ஆட்டக்காரர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது என்ற விதி சேர்க்கப்பட்டது. அதனால் விளையாட்டின் சுவை குன்றிவிடவில்லை. தடை கோருவது என் நோக்கமன்று. நான் இன்றும் ஆடுகிறேன். ஓட்டக்காரனின் போக்கைக் கண்டு கைதட்டும் கண், அவன் விழுந்தபின் நிறுவனம் காட்டும் போக்கையும் காண வேண்டும் என்பதே நான் கேட்பது. தடுப்பாட்டக்காரனுக்குச் சொல்லப்படும் பாடம் நமக்கும் உரியது: தோளைப் பார்க்காதே, இடுப்பைப் பார். சொல்லப்படும் பெயரைப் பார்க்காதே. பணம் கட்ட வேண்டிய நாளில் அந்தப் பெயர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்.

தமிழில் 'போக்கு' இரண்டு தொடர்களில் வாழ்கிறது. ஒன்று போக்குக் காட்டுதல், மற்றொன்று சாக்குப்போக்கு. முன்னதில் காட்டுபவன் தானும் ஓடுகிறான், பிடிபட்டால் விழுகிறான். பின்னதில் சொல்பவர் நாற்காலியிலிருந்து எழுவதேயில்லை. என் நண்பர் 'தப்பித்தல்' என்று சொன்னபோது இவ்விரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார். நான்காம் இயலைத் தள்ளிப்போட்டது என் சாக்குப்போக்கு, ஒப்புக்கொள்கிறேன். கட்டிலில் கிடந்து தம்பி ஆடியது அதுவன்று.

கிளம்புவதற்கு முன்னாள் அவனைப் பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துச் சென்றேன். களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும் என்றார். முதலில் நடை, பிறகு மெதுவான ஓட்டம், அதுவும் நேர்கோட்டில் மட்டும். திரும்புவதும் சாய்ந்து விலகுவதும் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

"நேரா மட்டும் ஓடறதுன்னா அது கபடியே இல்லையே சார்" என்றான் தம்பி.

அவர் சிரித்தார். திரும்பி வரும் வழியில், ஆட்டோவில், திரும்ப ஆடப்போகிறாயா என்று கேட்டேன். தெரியவில்லை என்றான். கல்லூரியிலிருந்து ஒரு வாரத்துக்கு முன்பே அவனுக்குக் குறுஞ்செய்தி வந்திருந்ததாம்: அடுத்த பருவத்துக்கு விளையாட்டு ஒதுக்கீட்டுச் சலுகை தொடர வேண்டுமானால், ஆடத் தகுதியானவன் என்று மருத்துவச் சான்று வேண்டும். காப்பீட்டுக்கு மாணவனாயிருந்தவன் கட்டணத்துக்கு மறுபடியும் ஆட்டக்காரனாகிவிட்டான்.

அச்செய்தியைத் தம்பி எனக்குக் காட்டினான். நான் இரண்டு முறை படித்தேன். அவன் கைபேசியை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு, நீட்டிய காலை இரு கைகளாலும் பிடித்தபடி, சாலைப் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான்.